செம்புத் தகட்டில் ஒரு பாலம்

குட்டீஸ்! ஒருவருக்கு ஓவியராக வேண்டும் என்று கொள்ளை ஆசை. பென்சிலைக் கையில் எடுத்தால் போதும். மரம், படகு, வீடு எல்லாம் அப்படியே தாளில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால், வண்ணம் தீட்டத் தொடங்கினால் மட்டும் வம்புதான். சில நிறங்களை அவரது கண்களால் பிரித்துப் பார்க்கவே முடியாது!

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஓவியமே வேண்டாம் என்று விட்டுவிடுவீர்களா?

அவர் விடவில்லை. வண்ணங்களைத்தான் விட்டார். கறுப்புக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பாரீஸ் நகரத்தையே வரைந்து காட்டினார். அவர் வரைந்த பாலங்களில் சில இப்போது பாரீசில் இல்லை. ஆனால், லண்டன், நியூயார்க், சிகாகோ என்று பல நகரங்களின் மியூசியங்களில் பத்திரமாக இருக்கின்றன!

அவர் பெயர் சார்லஸ் மேரியோன். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

கடலுக்குப் போன சிறுவன்

மேரியோன் 1821ம் ஆண்டு நவம்பர் 23ம் தேதி பாரீசில் பிறந்தார். அம்மா பிரெஞ்சுக்காரர், பாரீஸ் ஆப்பெரா அரங்கில் நடனமாடியவர். அப்பா இங்கிலாந்து நாட்டு டாக்டர். அம்மாவும், அப்பாவும் சேர்ந்து வாழவில்லை. அதனால், அம்மாதான் மகனை வளர்த்தார்.

சிறுவனுக்குக் கப்பல் என்றால் உயிர். 1837ம் ஆண்டு, பிரெஸ்ட் என்ற துறைமுக ஊரில் இருந்த பிரெஞ்சுக் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். பதின்ம வயதிலேயே அம்மாவை இழந்தார். அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை. அதிகம் பேசாத, கூச்ச சுபாவம் கொண்ட இளைஞராக வளர்ந்தார்.

1842ம் ஆண்டு, ரைன் என்ற போர்க்கப்பலில் ஏறினார் மேரியோன். எங்கே தெரியுமா? உலகின் மறுகோடியில் இருக்கும் நியூசிலாந்துக்கு! அங்கே அகரோவா என்ற இடத்தில் பிரெஞ்சு மக்கள் சிலர் 1840ம் ஆண்டு குடியேறி இருந்தனர். அவர்களுக்குத் துணையாகத்தான் அந்தக் கப்பல் போனது.

நான்கு ஆண்டுகள் கடலும், தீவுகளுமாக ஓடின. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் மேரியோன் படம் வரைந்தார். குடிசைகள், படகுகள், மலைகள், அங்கிருந்த மாவோரி மக்கள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் பென்சிலால் வரைந்து பத்திரப்படுத்தினார். கடற்படை அதிகாரிக்குக் கூர்மையான கண் வேண்டும் அல்லவா? தூரத்தில் தெரியும் கரையை அளவு பிசகாமல் வரையத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் பின்னால் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

1846ம் ஆண்டு ஊர் திரும்பினார். கடற்படை வேலையை விட்டுவிட்டார். இனி ஓவியம்தான் என்று முடிவு கட்டினார்.

வண்ணம் தந்த ஏமாற்றம்

முதலில் பெரிய வண்ண ஓவியம் ஒன்று தீட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். மரியோன் துபிரேன் என்ற பிரெஞ்சு மாலுமி, 1772ம் ஆண்டு நியூசிலாந்தில் கொல்லப்பட்ட நிகழ்ச்சியை அதற்குத் தேர்ந்தெடுத்தார். அதற்கான பெரிய கோட்டுப் படத்தை, 1848ம் ஆண்டு பாரீஸ் ஓவியக் கண்காட்சியிலும் வைத்தார்.

ஆனால், வண்ணத்தைத் தொட்டதும்தான் சிக்கல். அவருக்கு நிறப் பார்வைக் குறைபாடு இருந்தது.

அது என்ன குறைபாடு? நம் கண்ணின் உட்புறத்தில் விழித்திரை இருக்கிறது. அதில் நிறங்களை உணர்வதற்கு என்றே மூன்று வகை செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை சரியாக வேலை செய்யாவிட்டால், சில நிறங்கள் ஒன்றுபோலவே தெரியும். பெரும்பாலும் பிறவியிலேயே வருவது இது. பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனைப் பற்றிப் படித்திருப்பீர்களே? அவருக்கும் இதே குறைபாடு உண்டு. தன் பார்வையைத் தானே ஆராய்ந்து கட்டுரையும் எழுதினார் அவர்!

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவர் இலைக்குத் தப்பான நிறம் தீட்டினால், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

சரி, மேரியோனுக்கு வருவோம். ஓவியராக வேண்டும் என்று வேலையை விட்டு வந்தவருக்கு, வண்ண ஓவியராக முடியாது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்! ஆனால், அவர் சோர்ந்து உட்காரவில்லை. வண்ணமே தேவைப்படாத ஒரு கலையைத் தேடிப் போனார். அதுதான் எச்சிங் எனப்படும் அரிப்போவியம். எழேன் பிளேரி என்ற கலைஞரிடம் அதைக் கற்றுக்கொண்டார்.

அமிலம் வரையும் படம்

அரிப்போவியத்தை எப்படிச் செய்வார்கள் தெரியுமா?

முதலில் பளபளப்பான செம்புத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதன்மேல் மெழுகும், பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசுவார்கள். பூச்சின் மேல் புகை பிடிக்க வைத்துக் கறுப்பாக்குவார்கள். பிறகு, கூரான ஊசியால் அதில் படம் வரைவார்கள். ஊசி பட்ட இடத்தில் மட்டும் பூச்சு விலகி, செம்பு பளிச்சென்று எட்டிப் பார்க்கும்.

அடுத்ததாகத் தகட்டை அமிலத்தில் வைப்பார்கள். பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் ஒன்றும் செய்யாது. ஊசி கீறிய கோடுகளில் மட்டும் நுழைந்து, செம்பை அரித்துப் பள்ளமாக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் கோடு மெல்லியதாக இருக்கும். அதிக நேரம் வைத்தால் ஆழமாகி, அச்சில் கறுகறுவென்று விழும். வானத்துக்கு மெல்லிய கோடு, பாலத்தின் அடியில் உள்ள இருட்டுக்கு ஆழமான கோடு என்று நேரத்தை வைத்தே வித்தை காட்டலாம்!

கடைசியில் பூச்சைத் துடைத்துவிட்டு, தகடு முழுக்க மை தடவுவார்கள். பிறகு மேலே இருக்கும் மையைத் துடைத்துவிடுவார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்கி இருக்கும். ஈரமான தாளை அதன்மேல் வைத்து அச்சு இயந்திரத்தில் அழுத்தினால், தாள் அந்த மையை உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தகட்டில் இடது பக்கம் வரைந்தது, தாளில் வலது பக்கம் வரும். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாமே தலைகீழாக மாறிவிடும். அதனால், பாலத்தையும் வீடுகளையும் மாற்றிப் போட்டு வரைய வேண்டும். பெயரைக்கூடத் திருப்பித்தான் எழுத வேண்டும்!

மேரியோன் தொழில் பழகுவதற்காக, பழைய கலைஞர்களின் படங்களைப் பார்த்து வரைந்தார். அவர்களில் அவருக்கு மிகவும் பிடித்தவர், 17ம் நூற்றாண்டில் வாழ்ந்த ரெய்னியர் நோம்ஸ் என்ற டச்சுக் கலைஞர். அவரை எல்லாரும் சேமன் என்றுதான் அழைத்தனர். டச்சு மொழியில் அதற்குக் கடலோடி என்று பொருள். ஒரு கடலோடிக்கு இன்னொரு கடலோடி குருவாகக் கிடைத்தது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

சின்னப் பாலம்

பாரீஸ் நகரின் நடுவே சீன் நதி ஓடுகிறது. நதியின் நடுவில் ஒரு தீவு. அந்தத் தீவில்தான் புகழ்பெற்ற நோத்ரதாம் தேவாலயம் இருக்கிறது. தீவையும், தென் கரையையும் இணைக்கும் பாலங்களில் ஒன்றின் பெயர் பெத்தி போன். சின்னப் பாலம் என்று அர்த்தம்.

பெயர்தான் சின்னது, வரலாறு பெரியது. ரோமானியர் காலத்திலிருந்தே அந்த இடத்தில் ஏதாவது ஒரு பாலம் இருந்து வந்திருக்கிறது. வெள்ளத்தில் எத்தனையோ முறை அடித்துச் செல்லப்பட்டு, மீண்டும் மீண்டும் கட்டப்பட்டது. முன்பெல்லாம் பாலத்தின் மேலேயே வீடுகள் இருந்தன.

1718ம் ஆண்டு அங்கே பெரிய தீ விபத்து ஏற்பட்டது. ஆற்றில் மூழ்கிய மகனின் உடலைத் தேடிய ஒரு தாய், மரத்தட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் மிதக்கவிட்டாராம். தட்டு எங்கே நிற்கிறதோ அங்கே உடல் இருக்கும் என்பது அந்தக் கால நம்பிக்கை. மிதந்து போன மெழுகுவர்த்தி, வைக்கோல் ஏற்றிய படகில் பட்டுத் தீப்பிடித்தது என்று சொல்வார்கள். பாலத்தின் மேலிருந்த வீடுகள் எரிந்து சாம்பலாயின. பிறகு பாலத்தைச் சீரமைத்தபோது, அதன்மேல் வீடு கட்டவே இல்லை.

1850ம் ஆண்டு, இந்தச் சின்னப் பாலத்தைச் செம்புத் தகட்டில் வரைந்தார் மேரியோன். ஆற்றின் ஓரத்தில், தண்ணீருக்கு அருகில் நின்று பார்ப்பதுபோன்ற காட்சி அது. பாலத்தின் கல் வளைவுகள், நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், எல்லாவற்றுக்கும் மேலே நோத்ரதாமின் இரட்டைக் கோபுரங்கள்.

ஒவ்வொரு கல்லையும் கவனித்து வரைந்த மேரியோன், ஓரிடத்தில் மட்டும் ஒரு தந்திரம் செய்தார். அந்த இடத்தில் நின்று பார்த்தால், கோபுரங்கள் அவ்வளவு உயரமாகத் தெரியாது. அவரோ, அவற்றை உயர்த்தி வரைந்தார். 69 மீட்டர் உயரக் கோபுரங்கள் நம் மனதில் எவ்வளவு பிரமாண்டமாக நிற்கின்றனவோ, அந்த அளவுக்கு! கையளவு தாளில் ஊரின் கம்பீரமே வந்துவிட்டது.

மூன்றே ஆண்டுகள்தான். பழைய பாலத்தை இடித்துவிட்டு, 1853ல் ஒரே வளைவு கொண்ட புதுப் பாலம் கட்டி முடித்தனர். இன்று பாரீசுக்குப் போனால் அந்தப் புதுப் பாலத்தைத்தான் பார்க்கலாம். பழைய பாலத்தைப் பார்க்க வேண்டுமா? மேரியோனின் தாளில்தான் பார்க்க வேண்டும்!

இடிபடும் நகரம்

அந்தக் காலத்தில் பிரான்ஸ் நாட்டை ஆண்டவர் மூன்றாம் நெப்போலியன். பாரீசின் குறுகலான தெருக்களை அகலமாக்க வேண்டும், சாக்கடை வசதி செய்ய வேண்டும், நல்ல குடிநீர் தர வேண்டும் என்று விரும்பினார். 1853ம் ஆண்டு, ஓஸ்மான் என்ற அதிகாரியிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்.

அகலமான சாலைகள் வந்தன. பூங்காக்கள் வந்தன. நகரம் காற்றோட்டம் பெற்றது. ஆனால், அதற்காக ஆயிரக்கணக்கான பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளாக இருந்த சந்துகள் காணாமல் போயின. ஏழைகள் பலர் தாங்கள் வாழ்ந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

பழைய பாரீசைத் தகட்டில் பிடித்துவைக்கும் வேலையில் முழுமூச்சாக இறங்கினார் மேரியோன். 1850 முதல் 1854 வரை 22 தகடுகள் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கினார். அதைத் தன் மானசீக குருவான சேமனுக்கே சமர்ப்பணம் செய்தார்.

அதில், நோத்ரதாம் பாலத்தை ஒட்டி மரக்கால்களின் மேல் நின்ற தண்ணீர் இறைக்கும் நிலையம் உண்டு. சில ஆண்டுகளில் அதுவும் இடிக்கப்பட்டது. போன் நெஃப் என்ற பாலமும் உண்டு. அந்தப் பெயருக்குப் புதுப் பாலம் என்று பொருள். ஆனால், 1607ல் கட்டி முடித்த அதுதான் இன்று பாரீசில் இருப்பவற்றிலேயே மிகப் பழைய பாலம்! எப்படி வேடிக்கை?

பலூன் சொன்ன செய்தி

தொகுப்பில் இன்னொரு பாலம் இருக்கிறது. அதன் பெயர் போன் ஓ ஷாஞ்ஜ். காசு மாற்றித் தருபவர்களும், பொற்கொல்லர்களும் ஒரு காலத்தில் கடை வைத்திருந்த பாலம். அதனால் நாணயமாற்றுப் பாலம் என்று பெயர் வந்தது.

1854ல் வெளிவந்த இந்தப் படத்தில், ஆற்றில் ஒருவர் தத்தளிக்கிறார். அவரது கைகள் மேலே நீண்டிருக்கின்றன. வானத்தில் ஒரு பெரிய பலூன் மிதக்கிறது. அதில் ஸ்பெரன்சா என்று எழுதியிருக்கிறது. இத்தாலிய மொழியில் அதற்கு நம்பிக்கை என்று அர்த்தம்.

மேரியோனின் வாழ்க்கையும் அப்போது தத்தளித்துக்கொண்டுதான் இருந்தது. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த படங்களைச் சில பிராங்குகளுக்கு விற்றார். வாங்கத்தான் ஆளில்லை. வயிற்றுப்பாட்டுக்காக, பிறர் கேட்ட உருவப்படங்களையும், நகல்களையும் செய்து கொடுத்தார். வறுமையும், தனிமையும் வாட்டின. மெல்ல மெல்ல அவரது மனநலம் பாதிக்கப்பட்டது. எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நினைக்கத் தொடங்கினார்.

1858ம் ஆண்டு, பாரீசுக்கு அருகே ஷாரன்டோனில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1859ல் வெளியே வந்து மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்தார். பழைய தகடுகளில் மாற்றங்கள் செய்தார். நாணயமாற்றுப் பாலத்தின் வானத்திலிருந்து நம்பிக்கை என்ற பலூனை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பறவைக் கூட்டத்தை வரைந்தார். அதற்குப் பிறகு அதையும் மாற்றி, சின்னச் சின்னப் பலூன்களைப் பறக்கவிட்டார்.

ஒரே பாலம், ஆனால், மாறிக்கொண்டே இருக்கும் வானம். அவரது மனம் பட்ட பாட்டை அந்த வானத்தில் பார்க்கலாம் என்று பலர் கருதுகின்றனர்.

அவரது திறமையை யாருமே உணரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கவிஞர் போதலேர், 1859ல் எழுதிய கட்டுரையில் மேரியோனை வெகுவாகப் பாராட்டினார். பிரான்சின் மாபெரும் எழுத்தாளர் விக்தோர் ஹியூகோவும், இந்தப் படங்களைப் பார்த்து வியந்து எழுதினார். நோத்ரதாம் தேவாலயத்தை வைத்தே நாவல் எழுதியவர் ஆயிற்றே அவர்! ஆனால், அந்தப் பாராட்டுகள் மேரியோனின் துன்பத்தைப் போக்கவில்லை.

கடைசிக் காலத்தில், இளமையில் நியூசிலாந்தில் வரைந்து வைத்த பென்சில் படங்களை எடுத்து, அகரோவாவின் காட்சிகளைத் தகட்டில் வரைந்தார். 1866ல் மீண்டும் மருத்துவமனைக்குப் போனார். 1868ம் ஆண்டு பிப்ரவரி 14ம் தேதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 46தான்.

மனநலம் பாதிக்கப்படுவது குற்றமல்ல. காய்ச்சல் போல, எலும்பு முறிவு போல அதுவும் ஓர் உடல்நலப் பிரச்னை. இன்று அதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. மேரியோன் காலத்தில் அவை இல்லை. உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்தவருக்கோ மனம் பாரமாக இருந்தால், பெரியவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இருட்டுப் பெட்டியில் ஒரு பொக்கிஷம்

மேரியோன் மறைந்த பிறகு அவர் புகழ் பரவியது. ஒரு காலத்தில் வாங்க ஆளில்லாத படங்களை வாங்கப் போட்டி ஏற்பட்டது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், சிகாகோ கலைக்கூடம் என்று பல இடங்களில் இன்று அவரது படங்கள் இருக்கின்றன.

ஆனால், மியூசியத்துக்குப் போனதுமே அவற்றைச் சுவரில் பார்த்துவிட முடியாது. தாளுக்கு வெளிச்சம் ஆகாது. அதிக நாள் வெளிச்சம் பட்டால் தாள் பழுத்துப் பாழாகும். அதனால், அமிலம் இல்லாத அட்டையில் பொருத்தி, பெட்டிக்குள் இருட்டில் வைத்திருப்பார்கள். சில மாதங்கள் மட்டும் கண்காட்சியில் வைத்துவிட்டு, திரும்பவும் பெட்டிக்குள் ஓய்வு! அங்கே ஒரு படத்தின் பல பிரதிகளையும் சேர்த்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. பலூன் உள்ள வானத்தையும், பறவைகள் உள்ள வானத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறதே!

2019ம் ஆண்டு ஏப்ரலில் நோத்ரதாம் தேவாலயத்தில் பெரும் தீ விபத்து நடந்தது. கூரை எரிந்தது. கூர்முனைக் கோபுரம் சரிந்து விழுந்தது. நல்லவேளையாக, மேரியோன் உயர்த்தி வரைந்த அந்த இரட்டைக் கோபுரங்கள் தப்பித்தன. சீரமைப்பு முடிந்து, 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நீங்களும் மேரியோனைப் போல ஒரு படம் செய்து பார்க்கலாம். அமிலம் எல்லாம் வேண்டாம், அது ஆபத்து! ஒரு தடிமனான அட்டையில் மஞ்சள் கிரேயானை அழுத்தமாகத் தீட்டுங்கள். அதன்மேல் கறுப்பு கிரேயானால் முழுவதும் மூடுங்கள். பல் குத்தும் குச்சியால் மெதுவாகக் கீறி, உங்கள் ஊரில் உள்ள ஒரு பழைய கட்டடத்தை வரையுங்கள். பாலமோ, கிணறோ, பள்ளிக்கூடமோ, பாட்டி வீட்டுத் திண்ணையோ எதுவானாலும் சரி. கீழே உங்கள் பெயரையும், இன்றைய தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஒருநாள் அந்தக் கட்டடம் இல்லாமல் போகலாம். அப்போது உங்கள் படம் பேசும், சரிதானே குட்டீஸ்?